பெரிய முத்திரையும் பித்தளைக் கீலும்

ஒரு தேசத்தின் செல்வம் மூன்று தூண்களின் மேல் நிற்கிறது: உழைப்பு, மூலதனம், நோட்டரி. நோட்டரிகள் மன்றத்தின் வாசலில் பதித்திருக்கும் பளிங்குக் கல்லில் அப்படித்தான் பொறித்திருக்கிறது. முதல் இரண்டு தூண்களுக்கே கல்லின் அகலம் தீர்ந்துபோய்விட்டதால் மூன்றாவதை மட்டும் அடியில், சற்றுச் சின்ன எழுத்தில், பெயின்ட்டால் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மூன்றாவது தூணை மறுபடி எழுத ஆள் வரும்.

கீல்காரர் இந்தக் கல்லை முதன்முதலில் படித்தது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. வரிசை அதற்கு நேர் எதிரே நின்றதால் பதினோரு மணிக்குள் மனப்பாடமாகிவிட்டது.

சின்னப் பெட்டிகளுக்குப் போடும் பித்தளைக் கீல் செய்வது அவர் தொழில். பட்டறையில் ஒன்பது பேர், ஒரே ஒரு பிரஸ் மிஷின். மிஷினின் உடம்பில் போன மாதம் விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்று வெல்டர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். கண்ணாடி, கடிகாரம், வாத்தியம் வைக்கும் மரப்பெட்டிகள் செய்கிற தொழிற்சாலை அவருக்கு அங்கே இருந்தது. பட்டறையில் எல்லோரும் பெட்டிக்காரம்மா என்றே சொன்னார்கள்.

பெட்டிக்காரம்மா ஒரு கீலை எடுத்துக் காதருகே வைத்து, நாற்பது தடவை திறந்து மூடினார். பிறகு ஏதோ சொன்னார். கீல்காரரின் மச்சினன் அந்த அம்மாவின் ஊரில் ஏழு வருடம் வேலை பார்த்தவன். "சத்தமே வரலைங்கிறாங்க அத்தான்" என்று மொழிபெயர்த்தான். வைத்த டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்தது. புது மிஷினுக்கு அவர் பணம் போடுவார், பட்டறையில் அவருக்குப் பங்கு, ஐந்து வருடத்துக்குக் கீல் எல்லாம் அவருக்கே. ஒரே நிபந்தனை, ஒப்பந்தத்தில் இந்த நாட்டு நோட்டரி ஒருவரின் முத்திரை இருந்தால்தான் அவருடைய வங்கி பணத்தை விடும். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அவருக்கு விமானம். அதற்குள் முத்திரை விழாவிட்டால் வழியில் இன்னொரு ஊரில் இறங்கி, அங்கே பார்த்துவைத்த பட்டறைக்கு ஆர்டரைக் கொடுத்துவிடுவார். அந்தப் பட்டறைக் கீல் கிறீச்சிடுமாம். ஆனால் நோட்டரி அடுத்த கட்டடத்திலேயே இருக்கிறாராம்.

"நோட்டரி கையெழுத்துதானே, அரை மணி நேர வேலை" என்றார் கீல்காரர்.

பட்டறையில் கீல்களை டஜன் டஜனாக டப்பாவில் அடைத்துக் கட்டுகிறவள் அவர் மனைவி. அரசாங்கக் கட்டடங்களைப் பற்றி அவளுக்கு ஒரு தெளிவு உண்டு. "எதுக்கும் சாப்பாடு கட்டித் தரேன்" என்றாள்.

மூத்த நோட்டரிதான் மன்றத்துக்கும் தலைவர். வெளிநாடு என்ற சொல் வருகிற காகிதமெல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவர் பல பிரமுகர்களோடு எடுத்துக்கொண்ட படங்கள் இருந்தன. எல்லாப் படத்திலும் அவர் மட்டும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்காரம்மாவையும் மச்சினனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீல்காரர் விஷயத்தைச் சொன்னதும் தலைவர் எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து, விரலில் ரப்பர் உறை மாட்டித் தாள் புரட்டிக்கொண்டிருந்த குமாஸ்தாவும் எழுந்துகொண்டார்.

"அந்நிய முதலீடு. இவங்கதானா?"

"முதலீடு போடறவங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதான். நம்ம பாதுகாப்புக்குள்ள வந்துட்டாங்கல்ல, இனிமே கவலைப்படாதீங்க."

கீல்காரர் நான்கு பக்க ஒப்பந்தத்தை நீட்டினார். "அப்ப கையெழுத்து வாங்கிடலாமா சார்?"

"வாங்கலாம். ஆனா அடியில நான் என்ன எழுதணும் தெரியுமா? 'மேற்படியார் எனக்கு நேரில் பழக்கமானவர்'னு எழுதணும். இந்தம்மா எனக்குப் பழக்கமா?"

"இதோ நேர்லயே நிக்கிறாங்களே சார்."

"நிக்கிறது வேற, பழக்கம் வேற. தினமும் லிஃப்ட்ல என் பக்கத்துல ஒருத்தர் நிக்கிறார். பதினாறு வருஷமா நிக்கிறார். பழக்கம்னு எழுதிட முடியுமா?"

குமாஸ்தா தணிந்த குரலில் வழி சொன்னார். பெட்டிக்காரம்மாவைத் தெரிந்த இரண்டு பேர் வந்து சொன்னால் போதும், ஆனால் அந்த இரண்டு பேரையும் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடம் குடை இருந்தது, இன்னொருவரிடம் இல்லை. இருவருமாகச் சேர்ந்து அதுவரை நாலாயிரம் பேரைத் தெரிந்துவைத்திருந்தார்கள். பெட்டிக்காரம்மாவிடம் பிள்ளைகள் எத்தனை, தலைவலி அடிக்கடி வருமா என்று மச்சினன் மூலமாக இரண்டு கேள்வி கேட்டார்கள். பிறகு உள்ளே வந்தார்கள்.

"ரொம்ப நாளாத் தெரியும் சார்" என்றார் குடைக்காரர். "தங்கமான மனுஷி."

"குணம் எப்படி?"

"கோபம் மட்டும் கொஞ்சம் வரும்."

பெட்டிக்காரம்மாவை அவர் அறிந்து எட்டு நிமிடம் ஆகியிருந்தது. ஆனால் சொன்னது சரிதான், அந்த நேரத்தில் அவருக்குக் கோபம் வந்துகொண்டுதான் இருந்தது. தலைவர் திருப்தியோடு பேனாவைத் திறந்து "பழக்கமானவர்" என்று எழுதினார். திங்கட்கிழமை அதோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மொழிபெயர்ப்பாளனின் தகுதிக்கு ஒதுக்கப்பட்டது.

"இவருக்கு அந்த மொழி தெரியும்னு நான் சான்று கொடுக்கணும்" என்றார் தலைவர். "அதனால நானே பரீட்சை வைக்கணும்."

"சாருக்கு அந்த மொழி தெரியுமா?" என்று கீல்காரர் கேட்டார்.

"எனக்கு எதுக்குத் தெரியணும்? பரீட்சை எழுதறது நானா? தம்பி, ஏதாவது பேசுங்க."

மச்சினன் ஏழு வருடமும் ஒரு பெரிய ஓட்டலில் லிஃப்ட் இயக்கியவன். பரீட்சை என்றதும் அவனுக்குத் தெரிந்த நூற்றுக்கணக்கான வாக்கியங்களும் மறந்துபோய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதையே ஏற்ற இறக்கத்தோடு பல முறை சொன்னான். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெட்டிக்காரம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உச்சரிப்பு சுத்தமா இருக்கு" என்றார் தலைவர் கண் திறந்து. "இலக்கணமும் பரவாயில்ல."

வெளியே வந்ததும் கீல்காரர் கேட்டார், "என்னடா சொன்னே மச்சான்?"

"'லிஃப்ட் வேலை செய்யலை, தயவுசெய்து படிக்கட்டைப் பயன்படுத்தவும்'னு அத்தான். வேற ஒண்ணும் வாயில வரலை."

புதன்கிழமை பெட்டிக்காரம்மா தம் விருப்பத்தின் பேரிலேயே பணம் போடுகிறாரா, அல்லது யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று விசாரிக்கும் நாள். அதைத் தனியறையில்தான் கேட்க வேண்டும் என்பது விதி. தனியறை என்பதால் மச்சினனை வெளியே நிறுத்தினார்கள். தலைவர் தமிழில் கேட்டார், அந்த அம்மா தம் மொழியில் ஏதோ சொன்னார், இருபது நிமிடம் இப்படிப் போனது. கடைசியில் மச்சினனை உள்ளே கூப்பிட்டு, தனிமை கெடாமல் இருக்கச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள்.

"உங்களை யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?"

மச்சினன் சுவரிடம் கேட்டான். பெட்டிக்காரம்மா வெகுநேரம் பேசினார். நடுவில் ஒருமுறை மேசையைத் தட்டினார்.

"இல்லைங்கிறாங்க சார்."

"இவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"அவங்க மொழியில 'இல்லை' கொஞ்சம் நீளம் சார்."

தலைவர் குறித்துக்கொண்டார். உண்மையில் அந்த அம்மா, கட்டாயப்படுத்துவது நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லி, விமான நிலையத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

"இப்ப முத்திரை போட்டுடலாமா சார்?" என்றார் கீல்காரர். மூன்று நாளாகப் பட்டறைக்குப் போகாத கவலை குரலில் தெரிந்தது. வெல்டிங் வைத்த இடத்தில் மறுபடி மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது என்று காலையில்தான் மனைவி சொல்லியிருந்தாள்.

தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இந்த மேசையில இருக்கறது உள்நாட்டு முத்திரை. வாடகை ஒப்பந்தம், பேர் மாத்தறது, இந்த மாதிரி சில்லறைக்கு. அந்நிய முதலீட்டுக்குப் பெரிய முத்திரை. அது மன்றத்து இரும்புப் பெட்டியில இருக்கு. மூணு பூட்டு, மூணு சாவி. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு செயலாளர்கிட்ட, ஒண்ணு பொருளாளர்கிட்ட. நாளைக்கு மாநாடு. நாளன்னைக்கு மத்தியானம் போட்டுடலாம்."

பெரிய முத்திரை போடும் முறையைக் குமாஸ்தா விளக்கினார். தாள்களின் ஓரத்தில் துளையிட்டுச் சிவப்பு ரிப்பன் கோக்க வேண்டும். முதல் பக்கத்தின் நடுவில் அதைப் பெரிய முடிச்சாகப் போட வேண்டும். முடிச்சின் மேல் முத்திரையை வைத்துக் கைப்பிடியை அழுத்த வேண்டும். மை கிடையாது, எழுத்துகள் காகிதத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் அறையில் உள்ள அனைவரும் தலை குனிய வேண்டும், அழுத்துகிறவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

"கண்ணை எதுக்கு மூடணும்?"

"மரபு. முதல் தலைவர் முதல் தடவை அழுத்தும்போது விரல் மாட்டிக்கிச்சு. வலியில கண்ணை மூடிட்டார். அன்னையிலேருந்து."

வியாழக்கிழமை மாநாடு. மேடையில் 'அந்நிய முதலீட்டின் அரண் நோட்டரியே' என்று துணி கட்டியிருந்தார்கள். வாசலில் கீல்காரரைத் தடுத்து நிறுத்தி, "முதலீட்டைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். பெட்டிக்காரம்மாவை மேடையின் நடு நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒரு அட்டை வைத்தார்கள். மற்றவர்களின் அட்டைகளில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று இருந்தது. இவருடையதில் முதலீடு என்று இருந்தது. புகைப்படக்காரர்கள் படம் எடுக்கும்போது தலைவர் தம் நாற்காலியை நகர்த்தி அட்டைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

முதலில் பொருளாளர் பேசினார். "நோட்டரிகளால் தாமதம் ஆகிறது என்று சிலர் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், அவசரமாக வருகிற பணம் என்ன செய்யும்? அவசரமாகப் போய்விடும். நம் வழியாக வந்த பணம் ஏதாவது நாட்டை விட்டுப் போயிருக்கிறதா? ஒரு காசு போனதில்லை."

கைதட்டினார்கள். அடுத்து தலைவர் எழுந்தார்.

"இந்த மன்றம் பெரிய முத்திரையை ஏற்றுக்கொண்டு இருபத்திரண்டு ஆண்டுகள். இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் பதினோரு அந்நிய முதலீடுகளுக்கு நாம் முத்திரை இட்டிருக்கிறோம். அந்தப் பதினொன்றில் ஒன்றாவது ஏமாற்றப்பட்டதாகப் புகார் உண்டா? இல்லை. ஒன்றாவது திருடு போனதா? இல்லை. ஒன்றாவது நஷ்டத்தில் முடிந்ததா? இல்லை. உலகத்தில் எந்த நாட்டு நோட்டரி நெஞ்சைத் தொட்டு இப்படிச் சொல்ல முடியும்?"

மண்டபம் அதிர்ந்தது. கடைசி வரிசையில் குமாஸ்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீல்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பதினோரு கம்பெனியும் இப்ப எங்க சார் இருக்கு?"

"வரலை."

"எது வரலை?"

"பணம்தான். நம்ம கடமை முத்திரையோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் அவங்க பாடு."

"ஒண்ணுகூடவா வரலை?"

"வந்திருந்தா புகாரும் வந்திருக்கும்" என்று குமாஸ்தா நியாயமாகச் சொன்னார்.

தேநீர் இடைவேளையில் பெட்டிக்காரம்மா மேடையை விட்டு இறங்கி மண்டபத்தின் பக்கச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அங்கே தங்க நிறச் சட்டங்களில், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு வைத்து, பதினோரு கடிதங்கள் தொங்கின. மேலே 'வெளிநாட்டு வங்கிகளின் பாராட்டுக் கடிதங்கள்' என்று எழுதியிருந்தது. மூன்றாவது கடிதம் அவருடைய வங்கியிலிருந்தே வந்தது. அதைப் படித்துவிட்டு மச்சினனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவன் சட்டத்துக்கு அருகே மூக்கை வைத்து, விரலால் வரி வரியாகத் தேய்த்துப் படித்தான்.

"அத்தான், இங்க வாங்க. 'வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்'னு ஆரம்பிச்சிருக்கான்."

"அப்புறம்?"

"'முத்திரை இருக்க வேண்டிய இடத்துல ரிப்பன் முடிச்சுதான் இருக்கு, ஒரு எழுத்துகூடத் தெரியலை. எழுத்து தெளிவாத் தெரியற மாதிரி போட்டு அனுப்பினா பணத்தை விடறோம். தாள்களைத் திருப்பி அனுப்பியிருக்கோம்.'"

"மத்த கடுதாசி?"

மச்சினன் சுவரோரமாக நடந்துபோய்த் திரும்பி வந்தான். "எல்லாம் ஒரே பாட்டுதான். ஒருத்தன் மட்டும் ரிப்பன் நல்ல தரம்னு சொல்லியிருக்கான்."

அடுத்த வருடம் இதே சுவரில் பன்னிரண்டாவது சட்டமும் விளக்கும் கீல்காரர் கண்ணுக்குத் தெரிந்தன. பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்த தலைவரிடம் போய், தமக்குத் தெரிந்த மரியாதையெல்லாம் சேர்த்து விஷயத்தைச் சொன்னார்.

தலைவர் சிரித்தார். "வருத்தம்னு எழுதியிருக்கா? எழுதுவாங்க. அவங்க பாராட்டையே வருத்தத்தோடதான் சொல்வாங்க. அது அவங்க பண்பாடு. நாம பழகிக்கணும்."

"எழுத்து தெரியலைன்னு சொல்றாங்களே சார். ரிப்பனைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிட்டு, வெறும் காகிதத்துல முத்திரை போட்டா..."

"வெறும் காகிதத்துல பெரிய முத்திரையா?" தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார். "துணி இல்லாமத் தெருவுல போற மாதிரிங்க அது. முடிச்சு மேலதான் போடுவோம். இருபத்திரண்டு வருஷமா போடறோம், முத்திரை தெரியலைன்னு ஒரு ஆள் வந்து சொன்னதில்ல."

வந்து சொல்லவில்லை என்பது உண்மைதான். எழுதித்தான் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மன்றத்தின் உள்ளறையில் இரும்புப் பெட்டியின் முன்னால் எல்லோரும் கூடினார்கள். முன்பக்கம் மூன்று பூட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கைமுட்டி அளவு. தலைவரின் சாவி இருந்தது. செயலாளரின் சாவியும் இருந்தது. பொருளாளர் மாநாட்டுக் களைப்பைப் போக்கிக்கொள்ளச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். சாவி அவர் இடுப்பில் இருந்தது.

மூன்று மணி வரை தொலைபேசியில் தேடினார்கள். பெட்டிக்காரம்மா நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். பயணப் பெட்டியோடு வந்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"திங்கட்கிழமை கண்டிப்பா போட்டுடலாம்" என்றார் தலைவர்.

"திங்கட்கிழமை அவங்க வேற ஊர்ல இருப்பாங்க சார்."

"இருக்கட்டும். நம்ம பாதுகாப்பு எந்த ஊர்லயும் உண்டு."

கீல்காரர் இரும்புப் பெட்டியைச் சுற்றிப் பின்னால் போனார். தொழில் பழக்கம், எந்தப் பெட்டியைக் கண்டாலும் பின்னால் போய்ப் பார்ப்பார். பெட்டியின் முதுகில் இரண்டு பெரிய கீல்கள் இருந்தன. அவற்றின் நடு ஆணிகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று பூட்டு போட்டவர்களில் ஒருவரும் பின்னால் வந்து பார்த்ததில்லை என்று தெரிந்தது.

"சார், பின்பக்கமாத் திறக்கலாமா?"

"அதுக்கு விதி இல்லையே."

"கூடாதுன்னு விதி இருக்கா?"

குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டினார். விரல் உறை பக்கங்களில் சரசரத்தது. பூட்டுகளைப் பற்றிப் பதினான்கு பக்கம் இருந்தது. கீலைப் பற்றி ஒரு வரி இல்லை. "இல்லை சார்" என்றார்.

மச்சினன் போன் செய்தான். "அக்கா, ஆட்டோ புடிச்சு உடனே வா. சுத்தியலும் ஆணியைத் தட்டி எடுக்கற இரும்புக் குச்சியும் எடுத்துட்டு வா."

"யாரை அடிக்கணும்?" என்றாள் அக்கா. கேட்டது ஆர்வத்தோடுதான்.

மூன்றே முக்காலுக்கு அவள் வந்து சேர்ந்தாள். பட்டறை மிஷின் காலையில் நின்றுவிட்டது என்ற செய்தியையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தாள். கீல்காரர் சுத்தியலை வாங்கினார். ஆணிக்கு இரண்டு தட்டு, நான்கே தட்டில் இரண்டு ஆணியும் கீழே விழுந்தன. மூடி பின்பக்கமாகத் திறந்துகொண்டது. மூன்று பூட்டுகளும் முன்னால் அப்படியே பத்திரமாகத் தொங்கின.

"பூட்டு ஒண்ணுக்கும் சேதமில்லைன்னு குறிச்சுக்குங்க" என்றார் தலைவர் குமாஸ்தாவிடம். அவர் குரலில் பெருமை இருந்தது.

செயலாளர் வெல்வெட் துணியில் சுற்றிய பெரிய முத்திரையை எடுத்து மேசை மேல் வைத்து, துணியை விலக்கினார். அனைவரும் தலை குனிந்தார்கள். கீல்காரர் மட்டும் ஒரு கையால் மூடியைத் தாங்கிப் பிடித்திருந்ததால் குனிய முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் பெரிய முத்திரையின் முகத்தை நிமிர்ந்து பார்த்த முதல் ஆள் அவர்தான்.

முத்திரையில் எழுத்துகள் இடவலமாகத் திரும்பியிருந்தன. தம் கீல்களில் பதிக்கும் அச்சுகளைத் தாமே வெட்டுகிறவர் அவர், திரும்பின எழுத்தைத் தினசரி பேப்பர் போலப் படிப்பார். வட்டமாக, அழகான எழுத்தில், இப்படி வெட்டியிருந்தது: மாதிரி. விற்பனைக்கு அல்ல. அதன் கீழே முத்திரை வெட்டுகிற கடை ஒன்றின் ஐந்து இலக்கத் தொலைபேசி எண்.

இன்னொரு தடவை படித்தார். மாறவில்லை.

மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். "என்னங்க?"

அவர் காதோடு சொன்னார். இதை இப்போது வெளியே சொன்னால் முத்திரையை விசாரிக்க ஒரு குழு போடுவார்கள், குழுவுக்கு ஒரு மாநாடு நடக்கும். சொல்லாமல் முடிச்சின் மேல் போடவிட்டால் பன்னிரண்டாவது பாராட்டுக் கடிதம் வரும்.

மனைவி கேட்டாள், "அவங்க பேங்க்காரனுக்கு நம்ம எழுத்து படிக்க வருமா?"

"வராது."

"எழுத்து தெளிவாத் தெரிஞ்சாப் போதும்னுதானே கேட்டிருக்கான். ரிப்பனைக் கொடுங்க, நான் கட்டறேன்."

நாளைக்கு நூறு டப்பா கட்டுகிற கை அது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒப்பந்தத்தின் மேல் மூலையில் ரிப்பனைக் கோத்து, நறுக்கென்று ஒரு முடிச்சுப் போட்டு, மீதியைக் கத்தரித்தாள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். அவள் தாளை நகர்த்தி, வெறும் காகிதத்தை முத்திரைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

"முடிச்சு சரியா இருக்கா?" என்றார் தலைவர் கண் திறக்காமல்.

"கல்லு மாதிரி இருக்கு சார்" என்றாள் அவள்.

தலைவர் அழுத்தினார். அவர் கண் திறப்பதற்குள் ஒப்பந்தம் உறைக்குள் போய், உறை பெட்டிக்காரம்மாவின் பைக்குள் போய், அந்த அம்மா வாசல் படியில் இருந்தார்.

பத்தொன்பதாம் நாள் பணம் வந்தது. வங்கி அதோடு ஒரு கடிதமும் அனுப்பியிருந்தது. இவ்வளவு தெளிவான முத்திரையை உங்கள் நாட்டிலிருந்து இப்போதுதான் பார்க்கிறோம் என்று, இந்த முறை வருத்தம் இல்லாமல் எழுதியிருந்தார்கள். புது மிஷின் வந்தது. ஒன்பது பேரும் சுற்றி நின்று அதன் சத்தத்தைக் கேட்டார்கள்.

மன்றத்தில் சிறப்புக் கூட்டம் கூடியது. மூன்றாவது தூணின் வலிமை நிரூபணமாகிவிட்டதாகத் தலைவர் பேசினார். பெரிய முத்திரையை நூறு மடங்கு பெரிதாக்கிப் பித்தளையில் வார்த்து, வாசலில் பளிங்குக் கல்லுக்கு மேலே மாட்டுவதென்று தீர்மானம் போட்டார்கள். பித்தளை வேலை என்பதால் ஆர்டர் கீல்காரருக்கே வந்தது.

இந்தத் தடவை அவருக்கு மனசு கேட்கவில்லை. நேரில் போனார்.

"சார், வார்க்கறதுக்கு முன்னாடி, அதுல என்ன எழுதியிருக்குன்னு யாராவது ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டா நல்லது."

"எங்க முத்திரையில என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?" தலைவருக்கு முகம் சிவந்தது. "அதுல உள்ளதை ஒரு எழுத்து கூட்டாம, ஒரு எழுத்து குறைக்காமச் செய்யுங்க. அதான் உங்க வேலை."

"அதையே எழுத்துல கொடுத்துட்டீங்கன்னா..."

கொடுத்தார். உள்நாட்டு முத்திரையும் போட்டுக் கொடுத்தார். கீல்காரர் ஒரு எழுத்து கூட்டாமல், ஒரு எழுத்து குறைக்காமல், தொலைபேசி எண் உட்பட வார்த்துக் கொடுத்தார். எழுத்தை மட்டும் நேராக்கினார். மாட்டுவதற்கு நல்ல கீல் நான்கு போட்டார், ஆணிகள் உள்ளே இருக்கும்படி.

அது ஏழு மாதமாக அங்கே தொங்குகிறது. உள்ளே போகிற நோட்டரிகள் அதன் அடியில் தலை குனிந்துதான் போகிறார்கள். போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போன ஒரு வயதானவர், தலை குனியாமல் நின்று படித்துவிட்டு, உள்ளே போய்க் குமாஸ்தாவைப் பார்த்தார். முத்திரைக் கடைக்காரர். ஆர்டர் கொடுத்த வேலை முடியும் வரை வைத்துக்கொள்ளச் சொல்லித் தந்த மாதிரியைத் திருப்பிக் கேட்டார். மன்றம் ஆர்டர் கொடுத்த முத்திரை அடுத்த வாரமே தயாராகி, இருபத்திரண்டு வருடமாகக் கடை மேசையின் இழுப்பறையில் காகிதம் சுற்றியபடி இருக்கிறதாம். ரசீதைக் கொண்டுவந்தால் கையோடு வாங்கிக்கொண்டு போகலாம் என்றார்.

ரசீது இல்லை.